பார்படாஸ்: சின்னத் தீவு, பக்கத்துக்கு ஒரு கடல்

கேள்வியின் சுருக்கம் இது: மார்ச்சில் ஒரு வாரம் பார்படாஸ் போகிறோம். கணவன், மனைவி, எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூட அறுபத்தைந்து வயது அம்மா. தீவே கையகலம்தான், எல்லா பீச்சும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? ஹோட்டல் வாசலில் இருக்கும் கடலோடு நிறுத்திக்கொள்ளலாமா, வண்டி எடுத்துச் சுற்ற வேண்டுமா?

வண்டி எடுங்கள். தீவு சின்னது என்பது சரி. வடக்கிலிருந்து தெற்கே 34 கிலோமீட்டர், குறுக்கே அதிகபட்சம் 23. மொத்தப் பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் எல்லையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் எல்லா பீச்சும் ஒன்றுபோல என்பது தவறு. காலையில் தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாத கடலில் அம்மாவை இடுப்பளவு இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முழங்கால் நனைக்கவே யோசிக்க வைக்கும் கடலின் முன் நிற்கலாம். நடுவில் முக்கால் மணி நேரக் கார் பயணம்தான். எந்த பீச் நல்ல பீச் என்று போட்டோ பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

காரணம் காற்று. கரீபியன் தீவுகளின் வில் போன்ற வரிசையில் பார்படாஸ் சேராது; அந்த வரிசைக்குக் கிழக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் தனியாக நிற்கிறது. ஆண்டு முழுக்க வியாபாரக் காற்று கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வீசுகிறது. அந்தப் பக்கம் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவுகள் வரை குறுக்கே நிலமே கிடையாது. அவ்வளவு தூரம் தடையில்லாமல் உருண்டு வரும் அலை முதலில் மோதுவது இந்தத் தீவின் கிழக்குக் கரையில். மேற்குக் கரை தீவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தெற்குக் கரை இரண்டுக்கும் நடு.

இரண்டாவது காரணம் பாறை. பக்கத்துத் தீவுகளான செயின்ட் லூசியாவும் செயின்ட் வின்சென்ட்டும் எரிமலைகள். பார்படாஸ் அப்படி அல்ல. அட்லாண்டிக் கடலடியைச் சுமக்கும் நிலத்தட்டு கரீபியன் தட்டுக்கு அடியில் நுழையும்போது, கடலடிச் சேறும் மண்ணும் வழித்தெடுக்கப்பட்டுக் குவிந்து மேலே எழும்பியது. எழும்ப எழும்ப அதன் தலையில் பவளம் வளர்ந்தது. இன்றைக்கும் தீவின் 85 சதவீதம் பவளச் சுண்ணாம்புக்கல் போர்த்தியதுதான். வடகிழக்கில் மட்டும் அந்தப் போர்வை அரித்துப்போய் அடியில் இருந்த களிமண்ணும் மணற்கல்லும் வெளியே தெரிகின்றன. அந்தப் பகுதிக்கு ஸ்காட்லாந்து மாவட்டம் என்று பெயர். மேற்கிலும் தெற்கிலும் மணல் வெள்ளையாக இருப்பதற்கும், கிழக்கே போகப்போக அது பழுப்பாக மாறுவதற்கும் இதுதான் காரணம். வெள்ளை மணலில் கணிசமான பங்கு பவளத்தைக் கடித்து அரைத்துக் கழித்த கிளிமீன்களின் உபயம். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் சிரிப்பார்கள்.

மேற்குக் கரையில் ஹோட்டல்கள் விலை அதிகம், கடல் சாது. தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து ஹோல்டவுன் வழியாக ஸ்பைட்ஸ்டவுன் வரை ஒரே சாலை கடலை ஒட்டிப் போகும். பெய்ன்ஸ் பே, சாண்டி லேன், மல்லின்ஸ் என்று வரிசையாக வரும். பணக்காரர்களின் மதிலும் கேட்டும் பார்த்து மிரள வேண்டாம். பார்படாஸில் மணல் எவருக்கும் சொந்தமில்லை. எந்த ஹோட்டலும் நாற்காலிக்கும் குடைக்கும் காசு கேட்கலாமே தவிர, மணலில் துண்டு விரிப்பவரை எழுப்ப முடியாது. சிக்கல் உள்ளே நுழையும் வழியில்தான். இரண்டு மதில்களுக்கு நடுவே ஓர் ஆள் போகிற சந்து இருக்கும், சின்னப் பலகை இருக்கும். காரில் வேகமாகப் போனால் கண்ணில் படாது. அந்தச் சந்துகள் அடைபடக் கூடாது என்பது உள்ளூர்க்காரர்களுக்கு மானப் பிரச்சினை. ஒவ்வொரு புது ஹோட்டல் திட்டத்தின்போதும் இந்தச் சண்டை கிளம்பும்.

உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லும் இடம் பெய்ன்ஸ் பே, அல்லது ஹோல்டவுனில் ஃபோக்ஸ்டோன் பூங்காவை ஒட்டிய மணல். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். அடி மணல் மெதுவாக இறங்கும், அலை கணுக்காலில் தட்டிவிட்டுப் போகும். ஃபோக்ஸ்டோன் 1981லிருந்து பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. மூத்த பிள்ளைக்கு நீச்சல் தெரிந்தால் முகமூடி மாட்டிக் கரையோரப் பவளத்திட்டைப் பார்க்கலாம். பவளம் பழைய நிலையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; மீன் பார்க்கத்தான் போகிறீர்கள், பவளத் தோட்டம் பார்க்க அல்ல. அதே பகுதியில் ஆழத்தில் ஸ்டாவ்ரோனிகிட்டா என்ற கிரேக்கச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1976ல் தீப்பிடித்து, 1978ல் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அது அனுபவமுள்ள ஸ்கூபாக்காரர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம்.

ஹோல்டவுனில் ஒரு வேடிக்கை. ஆங்கிலேயர் முதலில் வந்திறங்கியதற்கான நினைவுத்தூணில் ஆண்டு 1605 என்று பொறித்திருக்கும். உண்மையில் கப்பல் வந்தது 1625ல், ஆட்கள் குடியேறியது 1627 பிப்ரவரியில். தப்பைக் கல்லிலே செதுக்கிவிட்டார்கள், அது இன்னும் அப்படியே நிற்கிறது.

மேற்குக் கரையில் எல்லாரும் விற்கும் சமாச்சாரம் ஆமையோடு நீந்துவது. படகில் ஏற்றிக்கொண்டு போய், மீன் துண்டைப் போட்டுப் பச்சையாமைகளை வரவழைப்பார்கள். என் அபிப்பிராயம்: போகலாம், ஆனால் தீனி போடாத படகாகக் கேட்டுப் பிடியுங்கள். வளர்ந்த பச்சையாமை புல்லும் பாசியும் தின்னும் பிராணி. அதை மீனுக்குப் பழக்கி, புரொப்பெல்லர் சுழலும் இடத்தில் காத்துக்கிடக்க வைப்பது அதற்கு நல்லதல்ல. அதிகாலையில் பெய்ன்ஸ் பேயிலிருந்து சற்றுத் தள்ளி நீந்தினாலே சில நாள் தானாக வந்து எட்டிப் பார்க்கும். முட்டையிட வருவது பெரும்பாலும் அழுங்காமை. அதற்குச் சீசன் ஜூன் முதல் அக்டோபர் வரை, மார்ச்சில் எதிர்பார்க்க வேண்டாம். 1998லிருந்து ஆமை பிடிக்க முழுத் தடை.

மார்ச்சில் போவதால் ஓர் எச்சரிக்கை. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் புயல் கிளம்பினால் அதன் நீண்ட அலை சில நாள் வடக்கிலிருந்து சுற்றி வந்து மேற்குக் கரையையும் தட்டும். மல்லின்ஸில் ஒரே இரவில் மணல் பாதி காணாமல் போகும், பிறகு மெல்லத் திரும்பும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் அம்மாவோடு தெற்குக்கு மாறிவிடுங்கள். சாதுவான கரை என்பது சாதாரண நாளுக்குத்தான்.

பிரிட்ஜ்டவுனுக்குத் தெற்கே கார்லைல் பே. அரைவட்டமாக வளைந்த நீளமான வளைகுடா. ஒரே ஒரு பீச்சுக்குத்தான் நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் கை காட்டுவது இதைத்தான், பேர் பெற்ற மேற்குக் கரையை அல்ல. தண்ணீர் அதே மாதிரி தெளிவு, மணல் அதைவிட அகலம், உள்ளூர்க்காரர்களும் குளிக்க வருவார்கள். சனி, ஞாயிறு மாலைகளில் குடும்பம் குடும்பமாக இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடியே அரட்டை அடிப்பார்கள். பெரிய கிரிக்கெட் ஆட்டக்காரர் கார்ஃபீல்டு சோபர்ஸ் பிறந்த பேலேண்ட் குடியிருப்பு இந்த வளைகுடாவுக்குப் பின்னால்தான். கரையோரமாகவே பல உடைந்த கப்பல்கள் கிடக்கின்றன. பெர்வின் என்ற இழுவைக் கப்பல் 1919ல் மூழ்கியது. ஆழம் குறைவு என்பதால் முகமூடி, குழாய் போதும். 1942ல் ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ எறிந்து தாக்கிய கார்ன்வாலிஸ் என்ற கனடாக் கப்பலின் மிச்சமும் இங்கே உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல சரித்திர வகுப்பு கிடைக்காது.

இங்கே ஒரு நாளாவது காலை ஐந்தரைக்கு வாருங்கள். வளைகுடாவின் தெற்கு முனைக்கு பெப்பிள்ஸ் பீச் என்று பெயர். அதற்குப் பின்னால் கேரிசன் சவன்னா குதிரைப் பந்தய மைதானம். விடியும் நேரத்தில் லாயத்துக்காரர்கள் பந்தயக் குதிரைகளைச் சாலை தாண்டிக் கடலுக்கு அழைத்து வருவார்கள். புதுக் குதிரை தண்ணீர் விளிம்பில் காலை உதைத்துக்கொண்டு நிற்கும், பழகியது தானாகவே இறங்கும். மார்பு முங்கியதும் நீந்தத் தொடங்கிவிடும். தலையும் கழுத்தும் மட்டும் வெளியே, மூக்கு விடைத்து, மூச்சு புஸ் புஸ்ஸென்று கரை வரை கேட்கும். லாயத்துப் பையன் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நீந்துவான். கால் மூட்டில் பாரம் ஏறாமல் உடம்புக்குப் பயிற்சி, உப்புத் தண்ணீர் கால் வீக்கத்துக்கு நல்லது என்பது கணக்கு. கரையேறியதும் சில குதிரைகள் மணலில் புரண்டு எழும். பார்க்க டிக்கெட் கிடையாது. பிள்ளைகள் பின்னங்கால் பக்கம் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்குக் கரையில் தங்குவதுதான் உங்களுக்கு வசதி என்பது என் கருத்து. வாடகை மேற்கைவிடக் குறைவு, சாப்பாட்டுக் கடைகள் நடக்கும் தூரம், பஸ் அடிக்கடி. ராக்லி என்றும் அக்ரா என்றும் சொல்லும் பீச்சில் அலை மிதம். சின்னப் பலகையில் படுத்து அலையோடு சறுக்கி வர எட்டு வயதுக்கு ஏற்ற இடம், உயிர்காப்பாளரும் இருப்பார். அங்கிருந்து ஹேஸ்டிங்ஸ் வரை கடலை ஒட்டி மரப்பலகை நடைபாதை. பார்க்க உல்லாசத்துக்குக் கட்டியது போலிருக்கும். உண்மையில் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைக்கட்டின் மேல்தான் அந்தப் பாதை வந்தது. அம்மாவுக்கு மாலை நடைக்கு இதைவிட நல்ல இடமில்லை. வொர்திங்கில் பவளத்திட்டு வேலி போட்டது போல நிற்பதால் உள்ளே தண்ணீர் ஆழமில்லாமல் கிடக்கும்.

ஆயிஸ்டின்ஸ் பக்கத்தில் மியாமி பீச் என்று ஒன்று, எண்டர்பிரைஸ் என்றும் சொல்வார்கள். ஒரே பீச்சில் இரண்டு குணம். ஒரு பக்கம் பாறைக்கட்டுக்குள் குளம் போன்ற நீர், ஒரு நூறடி தள்ளிப் போனால் தூக்கிப்போடும் அலை. சவுக்கு மர நிழல், பிக்னிக் மேசை, வண்டிக் கடை. உள்ளூர் முதியவர்கள் காலையில் குளிக்க வரும் இடம் இது. எங்கே இறங்குவது என்று அவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பேச்சுக் கொடுத்தால் கிரிக்கெட்டில்தான் வந்து நிற்பார்கள். 2024 ஜூன் 29ல் பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று டி20 உலகக் கோப்பையைத் தூக்கியதும், உடனே பெரில் புயல் வந்து நம் அணியை ஹோட்டலில் அடைத்து வைத்ததும் அங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தப் புயலின் கண் தீவைத் தொடவில்லை, தெற்கே தள்ளித்தான் கடந்தது. இருந்தும் அலை வழக்கத்துக்கு மாறான திசையிலிருந்து அடித்ததால் தெற்குக் கரையும் சாதுவான மேற்கும்தான் அடி வாங்கின. மீன்பிடிப் படகுகள் நிறைய நொறுங்கின.

வெள்ளிக்கிழமை இரவு ஆயிஸ்டின்ஸ் மீன் கடைகளுக்குப் போகாமல் வரக்கூடாது. மீன் சந்தையை ஒட்டிய திறந்த கொட்டகைகள், கரியடுப்பில் புகை, பாட்டு, கூட்டம். ஏழு மணிக்கு முன்னால் போனால் மேசை கிடைக்கும். பலகையில் டால்பின் என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், அது மாஹி மாஹி மீன். பறக்கும் மீன் கேட்டு வாங்குங்கள். நாகப்பட்டினப் பக்கத்துக் கோலா மீனின் உறவுதான், அங்கே தேசியச் சின்னம். மக்காச்சோள மாவையும் வெண்டைக்காயையும் கிண்டிச் செய்த கூகூவோடு பரிமாறுவார்கள், கிட்டத்தட்ட களி. அம்மா சைவம் என்றால் மக்ரோனி பை, சீமைப்பலா, வாழைப்பழ வறுவல் உண்டு. அரிசியும் பயறும் சேர்த்த சோற்றில் உப்பிட்ட இறைச்சி போடுவது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள். டிரினிடாடிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்த ரொட்டி தீவு முழுக்கக் கிடைக்கும்; உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்து மடித்தது வீட்டு ருசிக்குக் கிட்ட வரும்.

தென்முனையில் சில்வர் சாண்ட்ஸ். காற்று நேராக அடிப்பதால் காற்றாடியைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்குபவர்களின் ஊர். நீங்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். குளிக்க வேண்டாம்.

அங்கிருந்து வடகிழக்கே திரும்பினால் கரையின் முகமே மாறிவிடும். மணல்வெளி போய், செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. பாறைக்குப் பாறை நடுவில் பொத்தி வைத்தாற்போலச் சின்னச் சின்னக் குடாக்கள். கிரேன் பீச் இதில் பிரபலம். மேலே 1887ல் தொடங்கிய பழைய ஹோட்டல், கீழே போக லிஃப்ட். பொதுமக்களுக்குத் தனி வழி பக்கத்திலேயே உண்டு. இளஞ்சிவப்பு மணல் என்று விளம்பரம் செய்வார்கள். சிவந்த ஓடுள்ள நுண்ணுயிர்களின் துகளும் பவளப் பொடியும் கலந்த மெல்லிய சாயல் அது. ஈர மணலைக் கையில் அள்ளிக் காலை வெயிலில் பார்த்தால் தெரியும், போட்டோவில் காட்டுகிற ரோஸ் பவுடர் நிறம் எங்கும் கிடையாது. அலையோ நிஜமான அலை. பன்னிரண்டு வயதுக்காரருக்குப் பிடிக்கும், பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

பாட்டம் பே இன்னும் அழகு. பாறை மேலிருந்து படிக்கட்டில் இறங்க வேண்டும், கீழே தென்னை, மூன்று பக்கமும் சுவர் போலப் பாறை. தீவின் காலண்டர் படங்களில் பாதி இங்கே எடுத்ததுதான். உயிர்காப்பாளர் கிடையாது, இழுப்பு பலம். அங்கே நான் சொல்லும் விதி எளிது: மணல், நிழல், சாப்பாடு, போட்டோ, தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இல்லை. அம்மாவுக்குப் படி சிரமம் என்றால் மேலிருந்து பார்ப்பதே போதும்.

இந்தக் கரைக்கு எதிரே காப்ளர்ஸ் ரீஃப் என்ற பவளத்திட்டு, கப்பல்களுக்கு எமன். சாம் லார்டு என்ற தோட்ட முதலாளி, தென்னை மரங்களில் விளக்கைக் கட்டித் துறைமுகம் என்று நம்ப வைத்துக் கப்பல்களை மோதவிட்டுக் கொள்ளையடித்தான் என்று கதை சொல்வார்கள். கதை நிஜமோ பொய்யோ, அவன் 1820ல் கட்டிய மாளிகை நிஜம். 2010ல் தீப்பிடித்து எரிந்துபோனது. அந்த இடத்தில் இன்று பெரிய ஹோட்டல்.

இனி கிழக்குக் கரை. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பத்ஷீபா என்ற ஊர். மேட்டிலிருந்து சாலை இறங்கும்போதே இரைச்சல் கேட்கும். கரையில் வீடு உயரப் பாறைகள் காளான் வடிவில் நிற்கும். மேலிருந்த சுண்ணாம்புப் போர்வையிலிருந்து உடைந்து உருண்டவை, அடிப்பக்கத்தை அலை அரித்து அரித்து இடுப்பு சிறுத்துப்போனவை. பாறைக்கு அப்பால் சூப் பவுல் என்ற இடத்தில் எழும் அலைக்காக உலகம் முழுவதிலிருந்தும் பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபர்கள் வருகிறார்கள். பலமுறை உலக சாம்பியனான கெல்லி ஸ்லேட்டர் தனக்குப் பிடித்த அலைகளில் இதையும் சேர்த்துச் சொன்னவர். செப்டம்பர் முதல் நவம்பர் வரை உச்சம், மார்ச்சிலும் ஆட்கள் இருப்பார்கள்.

சர்ஃபர் இறங்குகிறாரே என்று நீங்கள் இறங்காதீர்கள். அங்கே நீந்துவது தற்கொலை முயற்சிக்குச் சமம். குளிக்க வேறு வழி வைத்திருக்கிறார்கள் பத்ஷீபாக்காரர்கள். கரையோரப் பவளப்பாறை தட்டையாகப் பரந்து கிடக்கும் இடத்தில் ஆளுயரப் பள்ளங்கள் உண்டு. தண்ணீர் வற்றிய நேரத்தில் அவை தனித்தனித் தொட்டிகளாகிவிடும். கழுத்துவரை உட்கார்ந்துகொள்ளலாம். வெளியே பேரலை பாறை விளிம்பில் உடையும், அதன் நுரை மட்டும் வழிந்து உள்ளே வந்து தோளைத் தடவிவிட்டு இன்னொரு பக்கமாக ஓடும். நான்கைந்து பெண்கள் தொப்பி கழற்றாமல் உட்கார்ந்து, முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் இதுதான் மருந்து என்று பேசிக்கொண்டிருப்பார்கள். உங்கள் அம்மாவையும் நடுவில் இடம் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். தீவில் நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் இந்தத் தொட்டிகளுக்கு அந்தக் கொஞ்சமே பெரிய வித்தியாசம். வற்று நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் எழுந்துவிடுங்கள். ரப்பர் செருப்பு கட்டாயம். பொந்துகளில் கடல் முள்ளெலி இருக்கும், அதன் கருப்பு ஊசி காலில் ஒடிந்தால் ஒரு வாரப் பயணம் வீண்.

பத்ஷீபாவுக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. பிரிட்ஜ்டவுனிலிருந்து கிளம்பித் தீவைக் குறுக்கே தாண்டிக் கிழக்குக் கரையோரம் ஓடியது. உப்புக் காற்று தண்டவாளத்தைத் தின்றது, மண்சரிவு பாதையை வாங்கியது, 1937ல் மூடிவிட்டார்கள். பழைய ரயில் தடத்தில் இப்போது நடக்கலாம். தெற்கே பாத் என்ற ஊர்ப் பக்கம் போகும் பகுதி நல்ல நடை. பாத் பீச்சுக்குக் காரிலும் போகலாம். கிழக்குக் கரையில் குழந்தைகளைத் தைரியமாக இறக்கிவிடக்கூடிய ஒரே இடம் என்று அதைத்தான் சொல்வேன். வெளியே உள்ள பவளத்திட்டு அலையை உடைத்து அனுப்புகிறது. வடக்கே கேட்டில்வாஷ், மைல் கணக்கில் ஆளில்லாத பழுப்பு மணல். செருப்பைக் கையில் பிடித்து நடக்கலாம். தண்ணீரில் இறங்கக்கூடாது.

வடமுனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே பீச் என்று பெரிதாக எதுவும் இல்லை, பாறைமுனைதான். அனிமல் ஃப்ளவர் குகைக்குள் இறங்கினால் கடலைப் பார்க்கும் ஜன்னல் போன்ற வாய்களும், உள்ளே நீந்தத்தக்க ஒரு குளமும் இருக்கும். கடல் சாமந்தி என்ற உயிரியால்தான் குகைக்கு அந்தப் பெயர். அலை அதிகமான நாளில் உள்ளே விடமாட்டார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கூனல் திமிங்கிலம் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு என்பதால் மார்ச்சில் போகிற நீங்கள் கொஞ்சம் நேரம் கடலைப் பார்த்து நிற்பதில் நஷ்டமில்லை.

ஆபத்துகள் பற்றி. கடல் இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். பிள்ளைகளுக்கு இதைக் கிளம்பும் முன்பே சொல்லிக்கொடுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் வாதாடாமல் மேலே உட்காருங்கள். ஆம்புலன்ஸ் எண் 511.

கடலைவிட நான் அதிகம் பயமுறுத்த விரும்புவது ஒரு மரத்தைக் காட்டி. மேற்குக் கரையில் நிழலுக்கு ஒதுங்கும் இடத்திலேயே மஞ்சினீல் மரம் நிற்கும். பளபளப்பான சின்ன இலை, பச்சை ஆப்பிள் போன்ற காய், நல்ல நிழல். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காயைக் கடித்தால் தொண்டை வெந்துவிடும். மழை பெய்யும்போது அடியில் நின்றால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். பெரும்பாலும் அடிமரத்தில் சிவப்பு வளையம் அடித்திருப்பார்கள். பெயின்ட் உதிர்ந்த மரமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடங்கள். அகன்ற வட்ட இலையுடன் கொத்தாகக் காய்க்கும் கடல் திராட்சை மரம் வேறு, அது சாது.

இன்னொன்று சர்காசம் பாசி. 2011லிருந்து அட்லாண்டிக்கில் இது மிதந்து குவிந்து வருகிறது. பழுப்புப் பாய் மாதிரி கரையில் ஒதுங்கி, அழுகினால் கூமுட்டை வாடை அடிக்கும். மார்ச்சில் தொடங்கலாம், கோடையில் அதிகம். மாட்டுவது கிழக்கும் தென்கிழக்கும். மேற்கு பெரும்பாலும் தப்பிக்கும். கிரேனுக்கோ பாட்டம் பேக்கோ கிளம்பும் காலையில் ஹோட்டல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

வெயிலைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போம். பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஒரே அட்சரேகை, 13 டிகிரி சொச்சம். ஆனால் அங்கே காற்று ஓயாமல் வீசுவதால் சுடுவது தெரியாது, மாலையில் கண்ணாடி பார்க்கும்போதுதான் தெரியும். பதினொன்று முதல் மூன்று வரை நிழலில் இருங்கள். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட சட்டை, தொப்பி, பை எதுவும் எடுத்துப் போகாதீர்கள். குழந்தை உடையாக இருந்தாலும் சட்டப்படி தடை. நீச்சல் உடையோடு கடைத்தெருவில் நடப்பதையும் உள்ளூர்க்காரர்கள் ரசிப்பதில்லை.

வண்டி விஷயம். இடது பக்க ஓட்டம், நமக்குப் பழகியது. வாடகைக் கார் கொடுப்பவரே பார்வையாளர் ஓட்டுநர் அனுமதி எடுத்துத் தருவார், அதற்குத் தனிக் கட்டணம். வாடகை வண்டி எண் 'ஹெச்' எழுத்தில் தொடங்குவதால் நீங்கள் வெளியூர் என்று எல்லாருக்கும் தெரியும். வழி தெரியாமல் நின்றால் தானாக வந்து சொல்வார்கள். உள்சாலைகள் குறுகல், இரண்டு பக்கமும் கரும்பு உயரமாக நிற்கும், வளைவில் ஹாரன் அடியுங்கள். பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், மூன்றரை பார்படாஸ் டாலர். இரண்டு பார்படாஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலர். மெரூன் பட்டை போட்ட வெள்ளை வேன்களில் ஒருமுறையாவது பிள்ளைகளை ஏற்றுங்கள். பாட்டுச் சத்தமும் நெருக்கடியும் நம் ஊர் ஷேர் ஆட்டோவுக்குக் குறையாது.

ஒரு வாரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். தெற்கில் வொர்திங் அல்லது ராக்லி பக்கம் சமையலறையோடு கூடிய வீடு. கார் மூன்று நாளுக்குப் போதும்: ஒரு நாள் தென்கிழக்கு, ஒரு நாள் பத்ஷீபாவும் பாத்தும், ஒரு நாள் மேற்குக் கரை வழியாக வடமுனை. மூன்றாம் நாள் திரும்பும்போது சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்றுப் பின்னால். ஸ்பைட்ஸ்டவுனில் காரை நிறுத்திவிட்டால் சரியாக இருக்கும். மீதி நாள் பஸ்ஸில் கார்லைல் பே, மியாமி பீச். பத்ஷீபா நாளை மட்டும் வற்று நேரத்தைப் பார்த்து நிர்ணயித்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பார்படாஸ் சுற்றுலா விசா கேட்பதில்லை. ஆனால் அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும். லண்டன், டொராண்டோ வழியானாலும் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அம்மாவின் விசாவுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் பீச்சைத் தேர்ந்தெடுக்கும் முன்பே வழியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.